ஒரு லட்ச ரூபாய், 41 பிள்ளைகள்: எதை வாங்கினால் கேள்வி வளரும்?

போன சித்திரையில் எங்கள் பள்ளியில் படித்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் மூன்றாம் வகுப்பில் இருந்தவர். பள்ளிக்கு வந்து, தான் உட்கார்ந்திருந்த ஜன்னலோரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கிளம்பும்போது, "டீச்சர், பிள்ளைகளுக்கு ஒரு லட்ச ரூபாய் தர்றேன். என்ன வாங்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஒண்ணே ஒண்ணு, வாங்குனது பீரோவுக்குள்ள தூங்கக் கூடாது" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தொட்டது. எங்கள் பீரோவில் அப்படித் தூங்குகிற பொருள்கள் உண்டு.

எங்களுடையது காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் உள்ள ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, 41 பிள்ளைகள், நானும் இன்னொரு ஆசிரியரும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இந்தப் பணத்தைப் பற்றிப் பேசியபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். குழுத் தலைவி பெரிய ஸ்மார்ட் டிவி வேண்டும் என்றார். ஒரு தகப்பனார் அபாகஸ் வகுப்பு நடத்த ஆள் போடச் சொன்னார். உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் அறிவியல் பெட்டி கேட்டார். பணம் தருகிறவருக்கோ, தன் அப்பத்தா பெயரில் வருடாவருடம் முதல் மார்க் வாங்குகிறவர்களுக்குப் பரிசு கொடுக்க ஆசை. என் மனதில் புத்தகமும் ஊர் சுற்றலும் இருந்தன. எல்லாமே நல்ல எண்ணத்தில் வந்தவை. ஆனால் எல்லாம் ஒன்றையே வளர்ப்பவை அல்ல. அதனால்தான் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

அதற்கு முன்னால் ஒரு வாரம் ஒரு காரியம் செய்தேன். வகுப்பில் பிள்ளைகள் தாமாகக் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதினேன். "தண்ணி குடிக்கப் போகட்டா டீச்சர்" கணக்கில் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்பவை மட்டும். "எறும்புக்கு மூக்கு எங்க இருக்கு?" "நேத்து எங்க போச்சு?" என்று ஒன்றாம் வகுப்பின் பக்கங்கள் நிறைந்துவிட்டன. ஐந்தாம் வகுப்பின் பக்கத்தில் இரண்டே வரி. அதில் ஒன்று, "இது பரீட்சைக்கு வருமா?" அந்த இரண்டு வரியைப் பார்த்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோதும் நான்தான் டீச்சர்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. லண்டனில் பார்பரா டிசர்ட், மார்ட்டின் ஹியூஸ் என்ற இருவர், ஏறக்குறைய நான்கு வயதுப் பெண் குழந்தைகள் 30 பேரின் பேச்சை வீட்டிலும் மழலையர் பள்ளியிலும் பதிவுசெய்து 1984இல் வெளியிட்டார்கள். வீட்டில் மணிக்குச் சராசரியாக 26 கேள்வி கேட்ட அதே பிள்ளைகள், பள்ளியில் மணிக்கு 2 கேள்விதான் கேட்டார்கள். வீட்டில் அம்மா வசதியாக இருந்ததாலோ படித்திருந்ததாலோ அல்ல. பதில் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

அதனால் என் அளவுகோல் இதுதான்: வாங்கப்போகிற பொருளை வைத்து மூன்று மாதம் கழித்து அந்த நோட்டில் ஐந்தாம் வகுப்பின் பக்கம் நிறையுமா? கூடவே இரண்டு நடைமுறைக் கேள்விகள். இரண்டே ஆசிரியர்களால் இதை நடத்த முடியுமா? பணம் தீர்ந்த பிறகும் இது இருக்குமா?

டிவி

குழுத் தலைவி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. செட்டிநாட்டுப் பிள்ளை பனிமலையை எங்கே பார்க்கும்? திமிங்கலத்தை, எரிமலையை, சூரியனைச் சுற்றும் கோள்களை நான் கரும்பலகையில் வரைந்து காட்டுவதைவிடத் திரையில் இரண்டு நிமிடம் பார்ப்பது மேல். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்ற நிலையில், ஒரு வகுப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு வகுப்பைக் கவனிக்கவும் முடியும்.

ஆனால் அந்தக் கடைசி வசதிக்குத்தான் நான் பயப்படுகிறேன். திரை பிள்ளைகளை அமைதியாக்கும். ஒரு பிள்ளைக்குக் கேள்வி எழும். கையைத் தூக்குவதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். கேள்வியும் போய்விடும். நிறுத்தி, பின்னால் ஓட்டி, "நீ என்ன கேட்ட?" என்று திரும்பும் ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் டிவி நல்ல கருவி. அந்த ஆசிரியர் அப்போது இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார்.

பெரிய திரை, மின்தடைக்கு இன்வெர்ட்டர், ஒலிபெருக்கி, இணையம் எல்லாம் சேர்த்தால் எங்கள் மதிப்பீட்டில் பாதிப் பணத்துக்கு மேல் போகிறது. அரசே தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் அமைத்து வருகிறது. இன்றில்லாவிட்டால் நாளை வரக்கூடிய பொருளுக்கு, வேறு வழியே இல்லாத பணத்தைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. எரிமலையை என் கைபேசியிலேயே பத்துப் பத்துப் பேராகக் காட்டிவிடலாம்.

அபாகஸ்

இதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் சம்பளம் கொடுத்து ஆள் போட்டால் ஒரு வருடத்தில் பணம் தீரும், வகுப்பும் நிற்கும். விரல் வேகம் வரும், வேகம் கெட்டதில்லை. ஆனால் எண்ணைப் பற்றி ஒரு பிள்ளை வியந்து கேட்பது அதனால் கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கணக்கில் ஆசை வளர்க்க எங்கள் ஊரிலேயே வேறு வழி இருக்கிறது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் கடைகளில் சிறு பையன்கள் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே கணக்குப் படித்த ஊர் இது. எங்கள் பள்ளிக்கு எதிர்வீட்டு ஆச்சிக்கு இன்னும் மாகாணி வாய்ப்பாடு மறக்கவில்லை. ஒரு நாள் அவரைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்காரவைத்தேன். "காலுல கால் எவ்வளவு, சொல்லுங்க பாப்போம்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஒரு வெள்ளைப் பணியாரத்தை நாலாகப் பிய்த்து, அதில் ஒரு துண்டை மறுபடி நாலாகப் பிய்த்துக் காட்டி, "இந்தா, இதுதான் மாகாணி. பதினாறுல ஒண்ணு" என்றார். அதற்கு மேல் அரைக்கால் எட்டில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று என்று போனது பேச்சு. "முந்திரி" என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று என்றதும் ஒரு பையன், "அதுக்கும் கீழ பேரு இருக்கா ஆச்சி?" என்று கேட்டான். இருக்கிறது. அன்று ஐந்தாம் வகுப்பின் பக்கத்தில் ஒரு வரி கூடியது. செலவு, ஒரு தட்டுப் பணியாரம். அதையும் ஆச்சியே கொண்டுவந்தார்.

பரிசு

பணம் தருகிறவரின் ஆசை என்பதால் இதை எடுத்துச் சொல்லத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. அப்பத்தாவின் பெயர் பள்ளியில் நிற்க வேண்டும் என்ற அன்பை எப்படி மறுப்பது?

1973இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் மூவரும் செய்த ஒரு சோதனை வெளியானது. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், "வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து யாரும் சொல்லாமலே பிள்ளைகள் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று கவனித்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட குழு மற்ற இரண்டு குழுக்களும் வரைந்த நேரத்தில் பாதி அளவுதான் வரைந்தது. ஆசையாகச் செய்தது கூலிக்குச் செய்வதாக மாறிவிட்டது.

பரிசே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சோதனையிலேயே எதிர்பாராமல் கிடைத்த சான்றிதழ் யாரையும் கெடுக்கவில்லை. பிள்ளைக்குப் பிடிக்காத வேலையை ஆரம்பித்து வைக்கவும் சின்னப் பரிசு உதவலாம். ஆனால் ஏற்கெனவே பிடித்திருக்கிற ஒன்றுக்கு விலை பேசுவது ஆபத்து. எங்கள் பள்ளியில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஐந்தாம் வகுப்பில் எட்டுப் பேர். முதல் பரிசு யாருக்கு என்று ஜூன் மாதமே மற்ற ஏழு பேருக்கும் தெரிந்துவிடும்.

போனில் அவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தம்பி, ஒவ்வொரு புத்தகத்துலயும் முதல் பக்கத்துல அப்பத்தா பேருல முத்திரை குத்திடுவோம். முதல் மார்க் வாங்குனவன் மட்டுமில்ல, எல்லாப் பிள்ளையும் அவங்க பேரைப் பாக்கும்" என்றேன். "அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். ஆனா கதை சொன்னா ஊரே உக்காந்து கேக்கும். அதையே செய்யுங்க" என்றார்.

அறிவியல் பெட்டி

இங்கே ஒப்பிட வேண்டியது இரண்டு வகை. கடையில் விற்கும் ஆயத்தப் பெட்டி ஒன்று. நாமே பொருள் சேர்த்துச் செய்துகொள்ளும் பெட்டி இன்னொன்று.

ஆயத்தப் பெட்டி பார்க்க அழகு. கண்ணாடிக் குழாய், ராட்டினம், எலும்புக்கூட்டின் சின்ன மாதிரி எல்லாம் இருக்கும். எங்களிடம் பல வருடத்துக்கு முன் வந்த ஒன்று பீரோவில் இருக்கிறது. உடைந்துவிட்டால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் நானே பூட்டியதுதான். அது என் தவறு.

நாமே சேர்க்கும் பெட்டியில் அந்தப் பயம் இல்லை. காந்தம், கைப்பூதக்கண்ணாடி, சின்ன பல்பு, பேட்டரி, தாமிரக் கம்பி, சமையலறைத் தராசு, வெப்பமானி, ஊசியில்லாத சிரிஞ்சு, பலூன். வீணாகக் கிடப்பதை வைத்தே அறிவியல் பொம்மை செய்யலாம் என்று அரவிந்த் குப்தா பல ஆண்டுகளாகச் செய்து காட்டிவருகிறார். தீப்பெட்டியும் சைக்கிள் ட்யூபும் எங்கள் ஊரிலும் கிடைக்கும். ஒரு பொருளை மட்டும் விலை கொடுத்து வாங்கச் சொல்வேன்: ஃபோல்ட்ஸ்கோப். மனு பிரகாஷும் அவருடைய ஸ்டான்ஃபோர்டு குழுவினரும் உருவாக்கிய காகித நுண்ணோக்கி அது. அட்டையை மடித்துச் செய்வது. 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கீழே விழுந்தால் உடையாது. ஊருணித் தண்ணீர் ஒரு சொட்டு போதும், பிள்ளைகள் மணிக்கணக்கில் நகர மாட்டார்கள்.

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே சிக்ரி இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் இந்த ஊருக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தது. எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் அந்த மதிலைக் கடந்து போகிறார்களே தவிர உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. துருவைப் பற்றி ஆராய்கிறார்கள், அதற்காகக் கடலோரத்தில் மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறார்கள் என்றேன். "துருவையா?" என்று ஆச்சரியப்பட்டார்கள். உடனே நாலு ஆணியை எடுத்து, ஒன்றை ஊருணித் தண்ணீரில், ஒன்றை உப்புத் தண்ணீரில், ஒன்றை எண்ணெயில், ஒன்றை வெறுமனே வைத்தோம். மூன்றாம் நாள் ஒரு சிறுமி கேட்டாள்: "துருப் பிடிச்சா ஆணி எடை குறையுமா டீச்சர்?" எல்லோரும் குறையும் என்றார்கள். துரு தின்கிறது என்றுதானே சொல்கிறோம்.

பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை எடைபோட்டு, நனைத்து, நன்றாகத் துருவேறவிட்டு, உதிர்ந்த தூளையும் விடாமல் சேர்த்துக் காயவைத்து மறுபடி எடைபோட்டால் எடை கூடியிருக்கும். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்துகொண்டதால் வந்த எடை அது. இதை நான் முதலிலேயே சொல்லிவிடவில்லை. தராசு சொல்லட்டும் என்று விட்டேன். அந்த ஒரு வாரம் காலையில் மணியடிக்கும் முன்னே பிள்ளைகள் வந்து காத்திருந்தார்கள்.

ஆக, அறிவியல் பெட்டி என் கணக்கில் டிவியைவிட வெகுதூரம் முந்துகிறது. நாமே சேர்த்ததாக இருந்தால் மட்டும்.

புத்தகம்

வாசிக்கவே திணறுகிற பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு, முதலில் எழுத்துக் கற்றுக்கொடுங்கள் என்று ஒரு வாதம் உண்டு. மதிக்க வேண்டிய வாதம். 2022-23இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஆரம்பித்து, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அந்த வேலையைத்தான் செய்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து, பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறது. ஆனால் எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு எதைக் கூட்டிப் படிக்க ஆசை வரும்? பயிற்சி நூலையா?

இந்த இடத்தில்தான் புத்தகத் தேர்வு முக்கியம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் புத்தகங்களை வாசிக்கும் திறனுக்கேற்ப நுழை, நட, ஓடு, பற என்று பிரித்தது. எனக்கு மிகவும் பிடித்த பிரிவு இது. பணம் கொடுத்து வாங்கும்போதும் அதே முறையில், நுழை, நட வகையில் பாதிக்கு மேல் வாங்க வேண்டும். பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய படம். நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம், தூலிகா போன்ற பதிப்பகத்தார் தமிழில் போட்டிருக்கிறார்கள். பிரதமின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம்; அச்சிட்டுத் தைத்துவிடலாம். பெரிய பிள்ளைகளுக்குத் துளிர் சந்தா கட்டாயம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் சிறுவர்களுக்காக நடத்தும் அறிவியல் மாத இதழ். துறையே நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல் என்று ஓர் இதழ் தருகிறது. நன்கொடையாளர்கள் பலர் செய்யும் தவறு, தலைவர்களின் வரலாறு, பொன்மொழித் தொகுப்பு, பொது அறிவுக் கேள்வி பதில் என்று கனத்த புத்தகங்களாக வாங்கித் தருவது. பெரியவர்களுக்குப் பிடித்த புத்தகம் அது.

வாங்குவதைவிட வைப்பது பெரிய விஷயம். கண்ணாடி பீரோ வேண்டாம். வகுப்பில் பிள்ளையின் மார்பளவு உயரத்தில் கயிறு கட்டி, புத்தகத்தைத் துணி கொடியில் போடுவதுபோல அட்டை தெரியத் தொங்கவிடுங்கள். கிழியும். இரண்டு வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு கிழியும் என்று பணம் தருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். கிழிந்ததைக் கழித்துவிடலாம் என்று மேலாண்மைக் குழுவில் முன்னாலேயே தீர்மானம் எழுதிவைத்தோம். இந்த ஒரு தாள் இல்லாமல்தான் எத்தனையோ பள்ளிகளில் புத்தகங்கள் பூட்டிக் கிடக்கின்றன. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பதிவேட்டுப் பயம் உண்மையானது.

புத்தகத்தோடு இந்த மண்ணுக்கு உள்ள உறவைப் பிள்ளைகளுக்குச் சொல்வதும் ஒரு பாடம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்த ராயவரம் எங்களுக்குத் தூரமில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா பழைய புத்தகம் மட்டுமல்ல, நாடக நோட்டீசு, அழைப்பிதழ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் சேர்ந்தன. அவர் மறைந்தபின் 1994 முதல் அவை சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. இதைச் சொன்ன மறுநாள் ஒரு பையன் வீட்டுப் பரணிலிருந்து மூன்று பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து, "இதையும் சேக்கலாமா டீச்சர்?" என்று கேட்டான். ஒன்றில் ரங்கூன் விலாசம் இருந்தது. "ரங்கூன் எங்க இருக்கு?" என்பது அன்றைய நோட்டில் மூன்று வகுப்புகளின் பக்கத்திலும் இருக்கிறது.

ஊர் சுற்றல்

என் மனம் அதிகம் சாய்வது இந்தப் பக்கம். ஆனால் இதிலும் தூரம் போவது, பக்கத்தில் போவது என்று இரண்டு வகை. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம்.

தூரம் என்றால் கீழடி. எங்கள் சிவகங்கை மாவட்டம்தான், ஆனாலும் வேன் வைத்தால் போக வர ஒரு முழு நாள். 2023இல் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் முற்றமும் தூணுமாகக் கட்டப்பட்டது. உள்ளே பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கீறியிருக்கின்றன. போன வருடம் நான்காம், ஐந்தாம் வகுப்பைக் கூட்டிப்போனபோது ஒரு சிறுமி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்க ஆயா வீட்டுச் சட்டியிலயும் பேரு வெட்டியிருக்கு டீச்சர். அப்பவும் மாத்தி எடுத்துட்டுப் போயிருவாங்களா?" இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தூரத்தை அவள் ஒரே கேள்வியில் தாண்டிவிட்டாள். ஆனால் அந்த நாளில் அப்படி நின்றவள் அவள் ஒருத்தி. மற்றவர்கள் வெயிலிலும் வேனிலும் களைத்துப்போனார்கள். பாதிப் பேர் பலகையில் இருந்ததை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதச் சொன்னதும் நான்தான். இனி சொல்ல மாட்டேன்.

பக்கம் என்றால் ஆத்தங்குடி. டைல்ஸ் போடும் பட்டறையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் போதும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு, அச்சின் அறைகளுக்குள் கரண்டியால் ஊற்றப்படும் வண்ணச் சிமெண்டுக் கரைசல். அச்சைத் தூக்கியதும் பூ நிற்கும். அதன் மேல் மணலும் சிமெண்டும் நிரப்பி அழுத்திக் காயவிட்டு, சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். கண்ணாடி கழன்றுவரும்போது அதன் பளபளப்பு கல்லுக்கு வந்திருக்கும். சூளை கிடையாது. "வேகாம எப்படி கெட்டியாகுது?" என்று ஒருவன் கேட்டான். "காய்ஞ்சா கெட்டியாகும்" என்றான் பக்கத்திலிருந்தவன். "அப்ப ஏன் தண்ணிக்குள்ள போடுறாங்க?" என்றாள் மூன்றாமவள். நான் வாயைத் திறக்கவே இல்லை. சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது என்பதைப் பட்டறை அண்ணன் தன் வார்த்தையில் சொன்னார்.

அதைவிடப் பக்கம், ஊருணி. செலவே இல்லை. மாதம் ஒரு முறை, அதே படித்துறை, அதே அரை மணி நேரம். ஆடியில் எவ்வளவு வற்றியது, கார்த்திகையில் எந்தப் படி வரை ஏறியது, தட்டான் எப்போது வந்தது, தவளைக் குஞ்சுக்கு வால் எப்போது போனது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதில்தான் "போன மாசம் இது இல்லையே" என்ற பார்வை வருகிறது. ஒரு முறை போகும் சுற்றுலாவால் அது வராது. தண்ணீருக்குப் பக்கம் என்பதால் இரண்டு பெரியவர்கள் இல்லாமல் மட்டும் போகக் கூடாது. சத்துணவு அக்காவோ ஒரு தாயோ கூட வருவார்கள்.

"ஊர் சுற்றினால் பாடம் போகுதே" என்று பெற்றோர் கேட்பது சகஜம். அவர்களுக்கு நான் சொல்வது 2014இல் கலிபோர்னியாவில் மத்தியாஸ் க்ரூபர், சரண் ரங்கநாத் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. பெரியவர்களை வைத்துச் செய்தது, ஆனாலும் பொருந்தும் என்று நம்புகிறேன். ஒரு கேள்வியின் விடையை அறிய ஆவலாகக் காத்திருந்தவர்கள் அந்த விடையை மட்டுமல்ல, காத்திருந்த நேரத்தில் காட்டப்பட்ட சம்பந்தமே இல்லாத முகங்களையும் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆவல் எழுந்த மனம் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. அதனால் ஊருணிக்குப் போய்வந்த மறு மணி நேரத்தில்தான் நான் கடினமான பாடத்தை வைக்கிறேன்.

காசில்லாத ஒன்று

இதை ஒப்பீட்டில் சேர்க்காமல் விட முடியாது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கண்டுபிடித்தது: ஆசிரியர் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார். அதை மூன்று விநாடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீளுகிறது, பேசாத பிள்ளை பேசுகிறது, பிள்ளைகள் கேட்கும் கேள்வியும் கூடுகிறது. நான் முயன்று பார்த்தேன். மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்பது வகுப்பில் நின்றால்தான் தெரியும். முதல் வாரம் முழுவதும் என்னால் முடியவில்லை. பதில் என் நாக்கில் வந்துவிடும். புத்தகமோ பெட்டியோ பயணமோ, எதை வாங்கினாலும் இந்த மூன்று விநாடி இல்லாத வகுப்பில் அது வீண்.

முடிவு

குழுவில் இப்படிப் பிரித்தோம். புத்தகம், கயிறு, பாய் எல்லாம் சேர்த்து 38,000. மூன்று வருடத்துக்குப் பயணம், வருடம் 12,000 வீதம் 36,000. அதில் தூரப் பயணம் வருடம் ஒன்றே, அதுவும் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு மட்டும். நாமே சேர்க்கும் அறிவியல் பெட்டிக்கு 14,000. மீதி 12,000 சந்தாவுக்கும் கிழிந்த, தீர்ந்த பொருளை மறுபடி வாங்கவும். டிவி இல்லை. குழுத் தலைவிக்கு முதலில் வருத்தம்தான். ஆத்தங்குடிக்குத் தானும் கூட வந்தபிறகு அவர் டிவி பற்றிப் பேசவில்லை.

எல்லாப் பள்ளிக்கும் இதே பிரிவு பொருந்தாது. ஒரு வகுப்பில் 40 பேர் உள்ள நகரத்துப் பள்ளி என்றால் பயணத்தைக் குறைத்து, வகுப்புக்கொரு புத்தகக் கயிறும் நாலைந்து அறிவியல் பெட்டியும் வைப்பேன். வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு ஐந்தாயிரம் ரூபாயில் என்ன செய்யலாம் என்று கேட்கும் அம்மாவுக்கு: துளிர் சந்தா, ஒரு ஃபோல்ட்ஸ்கோப், இருபது முப்பது சின்னப் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு கண்மாய்க்கரை. மாலை டியூஷனில் ஒரு நாளைக் குறைத்தால் நேரமும் கிடைக்கும்.

இந்தப் பணத்தில் எங்கள் முதல் பயணம் வேட்டங்குடி. எங்கள் மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம், 1977 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவை கலைந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. வனத்துறை அந்த ஊருக்கு இனிப்புக் கொடுத்து நன்றி சொல்கிறது. இதைக் கேட்டதிலிருந்து, "அந்த ஊருப் பிள்ளைங்க அழமாட்டாங்களா?" என்று ஒன்றாம் வகுப்பு கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவர்களிடமே கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். நத்தை குத்தி நாரையின் அலகு நடுவில் ஒட்டாது என்று படத்தில் காட்டியபோது ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், "தண்ணி குடிச்சா ஒழுகாதா டீச்சர்?" என்றான். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் பறவை வரும். ஐப்பசி மழை எப்படிப் பெய்கிறது என்று பார்த்துவிட்டு, மார்கழியில் ஒரு சனிக்கிழமையாக வேனுக்குச் சொல்ல வேண்டும்.